பாரா எஸ்.எஃப். கமாண்டோ ஆக எந்தத் தேர்வு எழுத வேண்டும்? தினமும் 10 கி.மீ. ஓடுவது போதுமா?

தேனி மாவட்டத்திலிருந்து கேள்வி கேட்டிருக்கும் தம்பி தன்னைப் பற்றித் தந்திருக்கும் விவரம் இவ்வளவு: வயது 19, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, உயரம் 172 செ.மீ., எடை 61 கிலோ. விடியற்காலையில் தினமும் 10 கி.மீ. ஓட்டம், அதற்குப் பிறகு 60 தண்டால். எந்தத் தேர்வு எழுத வேண்டும், இந்தப் பயிற்சி போதுமா என்று இரண்டு கேள்விகள். உண்மையில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றாவதாக ஒன்று: சிறப்புப் படையின் வாசலில் நிற்கும் நாள் வரும்போது உடம்பு தாங்க வேண்டுமென்றால் இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்பது. முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கம்தான். தனித் தேர்வு எதுவும் கிடையாது. பயிற்சி போதாது, பலம் சேர வேண்டிய இடத்திலும் அது சேரவில்லை. மூன்றாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ராணுவ ஆள்சேர்ப்புக்கு இளைஞர்களைத் தயார் செய்வது என் தொழில். சிறப்புப் படையில் பணியாற்றியவன் அல்ல. ஆகவே ஓட்டம், சுமை, காயம் பற்றி நான் சொல்வதை நம்பிப் பின்பற்றலாம். படைக்குள் நடக்கும் தேர்வு பற்றிப் பொதுவெளியில் வந்திருப்பதை மட்டும் சொல்கிறேன்.

பாரா எஸ்.எஃப். என்பது இந்தியத் தரைப்படையின் பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த சிறப்புப் படை பட்டாலியன்கள். 1965 போரின்போது மேஜர் மேக் சிங் தலைமையில் இயங்கிய சிறு குழுதான் இதற்கு வித்து. அதிலிருந்து 1966இல் 9 பாரா கமாண்டோ பட்டாலியன் உருவானது. அடுத்த ஆண்டே 10 பாரா வந்தது. 9 பாராவுக்கு மலை, 10 பாராவுக்குப் பாலைவனம் என்று நிலப்பரப்பை ஒட்டிய தனித்தன்மை இன்றும் உண்டு. பின்னால் சிறப்புப் படையாக மாறிய 21 பாரா வடகிழக்கின் காடுகளுக்குப் பேர் போனது. எல்லோரும் பேசும் அந்த 'பலிதான்' (தியாகம்) பேட்ஜ் இந்தப் பட்டாலியன்களுக்கு மட்டும் உரியது. மெரூன் தொப்பி பாராசூட் ரெஜிமென்ட் முழுவதற்கும் பொது. சாதாரண பாரா பட்டாலியனில் இருப்பவரும் அதைத்தான் அணிவார். யூடியூபில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

தம்பி, நீங்கள் முதலில் சிப்பாயாகவோ அதிகாரியாகவோ ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் 'நான் வருகிறேன்' என்று தானாக முன்வர முடியும். சிப்பாய் வழி இப்போது அக்னிவீர். முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் ஆள்சேர்ப்பு முகாம், பிறகு மருத்துவப் பரிசோதனை. முகாமில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பீமில் 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40 மதிப்பெண். 9 அடிப் பள்ளம் தாண்டுவதும் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும். பெங்களூரில் உள்ள பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்கு நேரடியாகவும் ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். ஆனால் எந்த ரெஜிமென்ட் என்பதைக் காலியிடமும் தரவரிசையும் முடிவு செய்யும். கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குப் போனாலோ, பீரங்கிப் படைக்கோ பொறியாளர் படைக்கோ போனாலோ கதவு மூடிவிடாது. அங்கிருந்தும் முன்வரலாம், மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும். அக்னிவீரில் ஒரு நெருடல் உண்டு. பணிக்காலம் 4 ஆண்டு, அதற்குப் பிறகு நிலைப்பவர்கள் 25 சதவீதம் வரை. சிறப்புப் படை வீரர் ஒருவர் முழுமையாகப் பழகவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால் இந்த இரண்டையும் பொருத்தும் விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்னை, கோவை, திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் அந்த ஆண்டின் அறிவிப்பை வைத்துக் கேட்பது ஒன்றே வழி. பக்கத்து ஊர் அண்ணன் 2019இல் சேர்ந்த கதை இப்போது பொருந்தாது.

அதிகாரி வழியில் என்.டி.ஏ.வுக்கு (பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாதமி) வயது வரம்பு 19½. உங்களுக்கு அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. பட்டத்தின் கடைசி ஆண்டில் சி.டி.எஸ். என்ற அதிகாரித் தேர்வை எழுதலாம். என்.சி.சி.யில் ஏற்கெனவே இருந்தால் 'சி' சான்றிதழை விட்டுவிடாதீர்கள். எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போகும் தனி வழி அதற்கு இருக்கிறது. அந்த 5 நாள் எஸ்.எஸ்.பி.யைத் தாண்டினால் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் 49 வாரம், அல்லது டேராடூன் ராணுவ அகாதமி. அதிகாரியாகப் போனாலும் புரொபேஷனில், அதாவது சிறப்புப் படைக்கு முன்வந்தவர்களைச் சலிக்கும் காலத்தில், சலுகை கிடையாது. ஜவான்களோடு அதே மண்ணில் அதே சுமையைத் தூக்க வேண்டும். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு முகாமுக்கு ஓடலாமா என்ற யோசனை உங்கள் கேள்வியின் ஓரத்தில் தெரிகிறது. விடாதீர்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே அக்னிவீருக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் கையில் இருந்தால் இரண்டு வழிகள், இல்லாவிட்டால் ஒன்றுதான்.

முன்வந்தவர்களைப் பட்டாலியனே புரொபேஷனில் வைத்துச் சலிக்கும். இதன் காலம் இப்போது 3 மாதம் என்றும் முன்பு 6 மாதமாக இருந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 10, 20, 30, 40 கி.மீ. என்று கூடிக்கொண்டே போகும் சுமை நடை, தூக்கத்தைப் பறித்தபடியே கொடுக்கும் வேலைகள், வழி கண்டுபிடித்தல், ஆயுதம், வெடிபொருள், முதலுதவி எல்லாம் அதற்குள் வரும். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்பது பட்டாலியனுக்குப் பட்டாலியன் மாறும். இணையத்தில் சுற்றும் துல்லியமான அட்டவணைகளை நம்பிப் பயிற்சியை வடிவமைக்க வேண்டாம். 'நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெளியேறுவார்கள்' என்ற எண்ணும் அப்படித்தான். ராணுவம் அப்படி ஒரு கணக்கை முறையாக வெளியிட்டதில்லை. பெரும்பான்மையினர் நிற்பதில்லை என்பது மட்டும் நிச்சயம். எந்த நேரத்திலும் 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டுத் தன் பழைய யூனிட்டுக்குத் திரும்பலாம். பயிற்றுநர்களும் திருப்பி அனுப்பலாம். ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராசூட் பள்ளியில் இரவுக் குதிப்பு ஒன்று உட்பட 5 குதிப்புகள் முடித்தால்தான் மார்பில் இறக்கைச் சின்னம். தேறிய பிறகும் இமாச்சலப் பிரதேசம் பக்லோவில் உள்ள சிறப்புப் படைப் பயிற்சிப் பள்ளி, மிசோரம் வைரங்க்டேயில் காட்டுப் போர்ப் பள்ளி, குல்மார்க்கில் பனிமலைப் பள்ளி, கொச்சியில் நீர்மூழ்குதல் என்று ஆண்டுக்கணக்கில் போகும்.

இனி உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். தினமும் ஒரே வேகத்தில் 10 கி.மீ. ஓடுவது உங்களை அந்த வேகத்தில் 10 கி.மீ. ஓடத் தெரிந்தவராக மட்டுமே ஆக்கும். முகாமின் 1.6 கி.மீ.க்கு அதில் வேகம் சேராது, புரொபேஷனின் சுமை நடைக்கு அதில் முதுகு சேராது. ஏழு நாளும் ஓடுவதால் எலும்புக்கு ஓய்வும் இல்லை. வாரம் 4 நாள் ஓட்டம் போதும். ஒரு நாள் 400 மீட்டரை 80 விநாடியில் ஓடி, 2 நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவது. 4 தடவையில் தொடங்கி 8 வரை. 5:30க்குள் முடிக்க ஒவ்வொரு 400 மீட்டருக்கும் 82½ விநாடிதான் கிடைக்கும் என்பதால் 80 உடம்பில் பதிய வேண்டும். ஒரு நாள் நீண்ட ஓட்டம், 12 முதல் 15 கி.மீ., பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். மற்ற இரண்டு நாள் 5, 6 கி.மீ. லேசாக. முடிந்தவரை மண்ணில் ஓடுங்கள். தண்டாலை 60இலிருந்து 100 ஆக்குவதில் பெரிய பயன் இல்லை. புல்-அப்ஸ், முதுகில் மணல் மூட்டையோடு உட்கார்ந்து எழுவது, ஒவ்வொரு காலாக முன்வைத்து இறங்குவது, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு 50 மீட்டர் நடப்பது ஆகியவற்றை வாரம் 2 நாள் செய்யுங்கள். சுமையோடு மலை இறங்கும்போது முட்டியைக் காப்பாற்றுவது தொடையும் இடுப்பும்தான்.

சுமை நடைதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ஆர்வத்தில் முதல் நாளே 20 கிலோ மணலைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். 3 வாரத்தில் கணைக்கால் போய்விடுகிறது. உங்கள் எடைக்கு 6 கிலோவில் தொடங்குங்கள். வாரம் ஒரே ஒரு நாள், 5 கி.மீ., வேக நடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டுங்கள். நான்காவது வாரம்தோறும் பாதியாகக் குறைத்து உடம்பை ஆற விடுங்கள். எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. இப்படிப் போனால் சுமார் 5 மாதத்தில் 20 கிலோவைத் தொடுவீர்கள், அதாவது உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே எடையை நிறுத்திவிட்டுத் தூரத்தைக் கூட்டுங்கள். 20 கிலோவோடு 10 கி.மீ.யை 1 மணி 40 நிமிடத்தில், ஓடாமல், நடந்தே முடிக்க முடிந்தால் வெளியில் இருக்கும் இளைஞருக்கு அது மிக நல்ல நிலை. சேர்வதற்கு முன்னால் அதற்கு மேல் தேவையில்லை. சுமையோடு ஓடுவதைப் படை கற்றுக்கொடுக்கும். வீட்டில் பழகினால் காயம் மட்டுமே மிஞ்சும்.

பையை அடுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. கல்லூரிப் பை வேண்டாம். அகலமான தோள்பட்டையும் இடுப்புப் பட்டையும் உள்ள பை வேண்டும். அடியில் பழைய துணியையோ போர்வையையோ திணியுங்கள். அதற்கு மேல், முதுகை ஒட்டி, தோள் எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில் மணல் பொட்டலங்கள். மணலை 2 கிலோ 2 கிலோவாகப் பாலித்தீன் உறையில் கட்டி, அதற்கு மேல் துணிப்பையில் போட்டு இறுக்கிவிட்டால் ஆடாது, எடையைக் கூட்டிக் குறைப்பதும் எளிது. கனம் கீழே தொங்கினால் உடம்பு முன்னால் வளையும், இடுப்பு வலிக்கும். மெல்லிய பட்டை தோளை அறுத்தால் வலி மட்டுமல்ல, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அழுந்தி விரல் மரத்துப்போகும். நடந்து முடித்த பிறகும் மரமரப்பு போகவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சிரமமாக இருக்கிறது என்றால் சுமையை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தேனிப் பக்கத்து மலைச்சாலை உங்களுக்குக் கிடைத்த வரம். ஏறுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மணலுக்குப் பதில் தண்ணீர்ப் பாட்டில்களில் எடையை ஏற்றிப் போனால் உச்சியில் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். முட்டி தேய்வது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

கணைக்காலின் உள்பக்கம் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துச் சூடானதும் குறைந்தால் அது பையன்கள் சொல்லும் 'ஷின் பெயின்'; ஓட்டத்தைப் பாதியாக்கி 2 வாரம் பார்க்கலாம். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுத்தாலும் விண்ணென்று தெறிக்கிறது, ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போகிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று ஓடியவர்கள் எலும்பை முழுதாகவே உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 6 முதல் 8 வாரம் ஓட்டமே கூடாது. சைக்கிள், நீச்சல் போதும். வைட்டமின் டி அளவை ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, மோர், முட்டை தினசரி உணவில் இருக்கட்டும். டிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டோ ஊசி போட்டுக்கொண்டோ முகாமில் ஓடும் பழக்கம் நம் ஊர் மைதானங்களில் பரவியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விரிசலை அது மறைக்கும், வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கடும் பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதம் போனால் எல்லாம் போயிற்று. புது ஷூவில் நீண்ட நடை போகாதீர்கள்; முதல் 2 வாரம் வீட்டிலும் கடைத்தெருவிலும் போட்டுப் பழக்குங்கள். ஈரமான பருத்திச் சாக்ஸ் தோலை உரிக்கும். மெல்லிய நைலான் சாக்ஸ் உள்ளே, தடித்தது மேலே போட்டால் உராய்வு இரண்டுக்கும் இடையில் நடக்கும், தோலில் நடக்காது. ஓர் இடம் சூடாக உறுத்தத் தொடங்கிய உடனே நின்று டேப் ஒட்டுங்கள். அந்த 2 நிமிடத்தைச் சேமிப்பவர்தான் 2 வாரம் நொண்டுகிறார். கொப்புளம் வந்துவிட்டால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள், மருந்து வைத்து மூடுங்கள்.

வெயிலுக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். நண்பர் ஒருவர் ஓட்டத்தின் நடுவே தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத்தாக்கு. வண்டி தேடுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள் அல்லது தலை முதல் கால் வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்; பிறகு மருத்துவமனை. இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 4 மணி நேர நடையில் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ கூட எடுத்துச் செல்லுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துப் பழகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு உடம்பு பழகாது. தூக்கம் குறைந்தால் காயம் கூடும், அவ்வளவுதான். 8 மணி நேரம் தூங்குங்கள். களைப்பிலும் கை தானாகச் செய்யும் அளவுக்குச் சில வேலைகளைப் பழகி வைப்பதுதான் பயன் தரும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. உங்கள் ஊர்த் தாளை எடுத்துச் சமஉயரக் கோடுகளைப் பார்த்து, எந்தப் பக்கம் சரிவு செங்குத்து, எந்த மடிப்பில் ஓடை இருக்கும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு நேரில் போய்ச் சரிபாருங்கள். 100 மீட்டருக்கு இடது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். சமதரையில் ஓர் எண், ஏற்றத்தில் வேறு எண், சுமையோடு இன்னொன்று. இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் இருட்டிலும் தூரம் தெரியும். சுமை நடை முடித்து மூச்சு அடங்குவதற்குள் உட்கார்ந்து, வழியில் பார்த்த 20 விஷயங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் 6, 7க்கு மேல் வராது. களைப்பில் கவனம் எங்கே கழன்றுபோகிறது என்பது அப்போது புரியும்.

இந்தி பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணம் தேவையில்லை. ராத்திரி 2 மணிக்கு ஒரே தடவை வேகமாகச் சொல்லப்படும் கட்டளை புரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யும் தமிழ்ப் பையன், உடம்பில் குறை இல்லாமலே பின்தங்கிவிடுகிறான். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுத இப்போது வசதி இருக்கிறது. பணி முழுக்க நடப்பது இந்தியில்தான்.

மற்ற படைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்படையின் மார்கோஸ் 1987இல் உருவானது. அதற்குக் கடற்படையில் சேர்ந்து முன்வர வேண்டும். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தியவர் என்றால் பயம் இருக்காது, ஆனால் முறையான நீச்சலை ஒரு குளத்தில் கற்க வேண்டும். மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள்; முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பி நல்ல நீச்சல்காரர்களே இறந்திருக்கிறார்கள். விமானப்படையின் கருட் 2004இல் தொடங்கியது. என்.எஸ்.ஜி. எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படையில் நேரடிச் சேர்க்கையே இல்லை. ராணுவத்திலிருந்தும் மத்திய காவல் படைகளிலிருந்தும் அயல்பணியில் போவார்கள். 'என்.எஸ்.ஜி.யில் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்பதில் சந்தேகமே வேண்டாம். விண்ணப்பத்தோடு கட்டும் தேர்வுக் கட்டணம் தவிர, எந்தப் படையின் ஆள்சேர்ப்புக்கும் யாரிடமும் பணம் தர வேண்டியதில்லை.

கடைசியாக, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன்னால் மருத்துவக் காரணத்தால் விலக்கப்படும் நிலை உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஈரப் பாதத்தைத் தரையில் பதித்தால் உள்வளைவு தெரிகிறதா, முட்டிகள் ஒட்டாமல் கணுக்கால்கள் சேர்கின்றனவா, உள்ளங்கை ஓயாமல் வியர்க்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பார்வை, நிறக்குருடு, மூக்குத்தண்டு வளைவு, விரைநரம்புப் புடைப்பு, மூலம், காலில் நரம்புச் சுருட்டல் ஆகியவற்றை அரசு மருத்துவமனையில் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடலாம். இவற்றில் சில சிறு அறுவை சிகிச்சையில் சரியாகும். அதற்குப் பல வாரம் ஆறுதல் வேண்டும் என்பதால் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. காதில் அழுக்கு அடைத்திருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பச்சை குத்துவதாக இருந்தால் வேண்டாம். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் இருந்தால் நிராகரிப்பார்கள். அக்னிவீர் அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். கல்விச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் உங்கள் பெயரும் தந்தை பெயரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கின்றனவா என்று இந்த வாரமே எடுத்து வைத்துப் பாருங்கள். 1.6 கி.மீ.யை 5:20க்கு ஓடிய பையன்களைக்கூட முன்னெழுத்துக் குழப்பத்தால் திருப்பி அனுப்புகிறார்கள், அதைத் திருத்த வட்டாட்சியர் அலுவலகத்தில் மாதங்கள் ஆகும்.